கருகிய பிறகுதான் கணக்கெடுப்பதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

மேட்டூர் அணையின் நீர்மட்டம், வரத்து, வெளியேற்றம் ஆகியவற்றை நாளிதழில் தினமும் பார்க்கிறோம். கடைமடையில் இருப்பவர்களுக்கு வேண்டியது அதற்கு அடுத்த கணக்கு. இருப்புத் தண்ணீர் எத்தனை நாளைக்கு வரும்? நிற்கிற பயிருக்கு இன்னும் எவ்வளவு வேண்டும்? இந்தக் கணக்கு எங்கள் ஊர்வரை வந்து சேர்வதே இல்லை.

2023 ஜூன் 12-இல் அணை திறக்கப்பட்டது. டெல்டா முழுக்கக் குறுவை நட்டார்கள். கர்நாடகத்திலிருந்து போதிய தண்ணீர் வராததால் அக்டோபர் 10-இல் பாசனத் திறப்பு நிறுத்தப்பட்டது. அதற்குள் கடைமடையில் பயிர் கருகிவிட்டது. கருகிய பயிருக்கு ஹெக்டேருக்கு ரூ.13,500 நிவாரணம் அறிவித்தார்கள். ஏக்கருக்கு 5,500 ரூபாய்கூட வராத தொகை அது. உழவுக்கும் நடவுக்குமே பற்றாது.

வேளாண் பல்கலைக்கழகம் ரேடார் செயற்கைக்கோள் படங்களை வைத்து நெல் பரப்பையும் மகசூலையும் மதிப்பிடுகிறது. பயிர்க் காப்பீட்டுக்கு அது உதவுகிறது. எந்தப் பகுதியில் எப்போது நடவானது என்பதையும் அதே படங்கள் காட்டும். வெயிலையும் காற்றையும் கொண்டு பயிரின் நீர்த்தேவையைக் கணித்து, எதிர்பார்க்கும் மழையைக் கழித்தால், வரும் வாரம் எந்த வாய்க்காலுக்கு எவ்வளவு விட வேண்டும் என்பது தெரிந்துவிடும். இழப்பை அளக்க உதவும் தொழில்நுட்பத்தைப் பயிர் உயிரோடு இருக்கும்போது பயன்படுத்த என்ன தடை?

கர்நாடகம் எவ்வளவு திறக்கும் என்பது நம் கையில் இல்லை என்பார்கள். அதனால்தான் முன்கணிப்பு வேண்டும். வரத்து சீராக இருந்தால், பாதியானால், நின்றே போனால் என்று மூன்று கணக்கையும் சொல்லட்டும். குறுவை போடுவதா, சம்பாவோடு நிறுத்திக்கொள்வதா என்று விவசாயி முடிவு செய்துகொள்வார். நட்டவர்கள் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத் தண்ணீரை நீட்டிக்கலாம். முறை வைக்கும்போது பொதி கட்டிய பயிருக்கு முதலில் விடலாம். தூர் கட்டும் பயிர் இரண்டொரு நாள் பொறுக்கும்.

குறுவைத் தொகுப்புத் திட்டம் அறிவிக்கும்போதே முதல் முன்கணிப்பையும் அரசு வெளியிட வேண்டும். பின்னர் வாரந்தோறும் வாய்க்கால்வாரியாக உழவன் செயலியிலும் கூட்டுறவுச் சங்கப் பலகையிலும் அதைப் புதுப்பிக்க வேண்டும். கல்லணையில் திறந்த அளவோடு நிறுத்தாமல், கடைமடை மதகுகளுக்கு வந்து சேர்ந்த அளவையும் அதில் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் கணிப்பு பலித்ததா, பொய்த்ததா என்று யாரும் கேட்க முடியாது.

இப்படிக்கு,
கடைமடை விவசாயி ஒருவர்,
நாகப்பட்டினம் மாவட்டம்