டிக்கிள் மறைந்துவிட்டதா?

கணிப்பொறி மொழிகளுள் எது முதலிடம், எது இரண்டாமிடம் என்று அவ்வப்போது பட்டியல்கள் வெளியாகின்றன. மாணவர்கள் அவற்றைத் தேர்வு முடிவுகளைப் போல ஆவலுடன் பார்க்கின்றனர். அடியில் கிடக்கும் மொழியைச் செத்த மொழி என்று ஒதுக்கியும் விடுகின்றனர். இது சரியன்று என்பது என் கருத்து. இப்பட்டியல்கள் எதை எண்ணுகின்றன? ஒரு மொழியின் பெயர் தேடுபொறிகளில் எத்தனை இடங்களில் அகப்படுகிறது, வினாப் படிவத்தில் அதை எத்தனை பேர் குறித்தனர் என்பன போன்றவற்றைத்தான். அந்த மொழியால் நடக்கும் வேலை எவ்வளவு என்பது இக்கணக்கில் வருவதில்லை.

டிக்கிள் என்ற மொழியை எடுத்துக்கொள்வோம். 1988-ஆம் ஆண்டில் இதை உருவாக்கியவர் ஜான் ஆஸ்டர்ஹவுட். அப்போது அவர் அமெரிக்காவில், பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். மின்னணுச் சில்லுகளை வடிவமைக்க உதவும் நிரல்களை அவருடைய குழு எழுதிவந்தது. ஒவ்வொரு நிரலுக்கும் ஆணையிட ஒவ்வொரு குட்டி மொழி, எல்லாம் அரைகுறை. எந்த நிரலுக்குள்ளும் பொருத்திக்கொள்ளத்தக்க ஒரே கட்டளை மொழி இருந்தால் இத்தொல்லை தீருமே என்று அவர் எண்ணியதன் விளைவே டிக்கிள்.

பிறந்த வீட்டை அது இன்றும் விடவில்லை. ஒரு சில்லில் கோடிக்கணக்கான டிரான்சிஸ்டர்கள் இருக்கலாம். கையால் வரைந்து அடுக்க யாராலும் இயலாது. சினாப்சிஸ், கேடன்ஸ் முதலிய நிறுவனங்களின் நிரல்களே அதைச் செய்கின்றன. பொறியாளர் அவற்றுக்கு டிக்கிள் மொழியில் ஆணைகளை வரிசையாக எழுதித் தருகிறார். இந்தச் சுற்றைப் படி, கடிகாரத் துடிப்புகளுக்கிடையே 10 நானோநொடி என்று கொள் (அதிர்வெண் எவ்வளவு? 100 மெகாஹெர்ட்ஸ்; கணக்கிட்டுப் பாருங்கள்); உறுப்புகளை இடம் பார்த்து வை; கம்பிகளால் இணை; எந்தப் பாதையில் மின்குறி தாமதமாக வந்து சேர்கிறது என்று அறிக்கை கொடு. மாலையில் இதைத் தொடங்கிவைத்து வீட்டுக்குப் போனால், காலையில் அறிக்கை காத்திருக்கும். வேறு மொழிக்கு மாறலாமே எனக் கேட்கலாம். பல ஆண்டுகள் சோதித்துத் தேறிய ஆணைத் தொகுப்புகளை மறுபடி எழுத வேண்டிவரும். அதில் ஒரு பிழை நழுவிச் சில்லு வீணானால் இழப்பு கோடிக்கணக்கான ரூபாய். மாறாதிருப்பதைச் சோம்பல் என்று நான் சொல்லமாட்டேன்.

மற்றொரு பயன் 1990-இல் வந்தது. சில நிரல்கள் கேள்வி கேட்டுவிட்டு, மனிதர் விடை தட்டும்வரை அசையாமல் நிற்கும். அக்கேள்விக்குக் காத்திருந்து, மனிதருக்குப் பதிலாகத் தானே விடை தட்டும் ‘எக்ஸ்பெக்ட்’ என்ற கருவியை அமெரிக்காவின் தேசியத் தர நிறுவனத்தைச் சேர்ந்த டான் லிப்ஸ் டிக்கிளின் மேல் அமைத்தார்.

டிக்கிளின் குறைகளை மறைக்க வேண்டியதில்லை. இரண்டையும் மூன்றையும் கூட்டுவதற்கே அதில் தனிக் கட்டளை வேண்டும்! புதிதாக ஓர் இணையதளம் எழுதுவோர் இதை நாடமாட்டார்கள்; நாட வேண்டும் என்று நானும் வற்புறுத்தவில்லை. ஆயினும் 2024-ஆம் ஆண்டில் அதன் 9.0 பதிப்பு வெளிவந்திருக்கிறது.

உங்களில் சிலர் பைத்தான் கற்கிறீர்கள். திரையில் சன்னலும் பொத்தானும் வரைய ‘டிகே-இன்டர்’ என்பதை அழைத்திருப்பீர்கள். அப்பெயரிலுள்ள ‘டிகே’, டிக்கிளுக்காக ஆஸ்டர்ஹவுட் எழுதிய வரைகருவி. உங்கள் பைத்தான் நிரல் ஓடும்போது, அதனுள்ளே டிக்கிள் மொழியின் இன்டர்பிரட்டரும் ஓடிக்கொண்டிருக்கிறது. பட்டியலில் அந்த வேலை பைத்தான் கணக்கில் ஏறிவிடும்.