மாறிய மனத்துக்கு ஒரு பதிவேடு

1962-இல் காஞ்சிபுரம் தொகுதி அண்ணாவைத் தோற்கடித்தது. காஞ்சியில் பிறந்தவர், 1957-இல் இதே தொகுதியில் வென்றவர். அவரை வீழ்த்தியவர் காங்கிரஸ் வேட்பாளர் எஸ்.வி. நடேச முதலியார், பஸ் முதலாளி. வித்தியாசம் ஒன்பதாயிரம் வாக்குகளுக்கு மேல். அதே தேர்தலில் அண்ணாவின் கட்சியோ மாநிலம் முழுக்க 15 இடங்களிலிருந்து 50-க்கு உயர்ந்தது. ஐந்தே ஆண்டில் அவர் முதலமைச்சர். 1969 பிப்ரவரி 3-ஆம் தேதி அவர் மறைந்தபோது சென்னை அதுவரை கண்டிராத கூட்டம் கூடி அழுதது. அந்தக் கூட்டத்தில் காஞ்சிக்காரர்கள் எத்தனையோ பேர். ஏழாண்டுக்கு முன் அவருக்கு எதிராக முத்திரை குத்தியவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள்.

இதற்கு நாம் வைத்திருக்கும் விளக்கம் ஒன்றுதான்: ஜனங்களுக்கு நன்றி கிடையாது. நம் ஊர் தாமலில் தேர்தல் பேச்சு வந்தால் போதும், "காமராசரையே தோக்கடிச்சவங்கதானே நாம" என்று பெரியவர் யாராவது சொல்லிவிடுவார். சொல்லும்போது குரல் தழுதழுக்கும். அந்த வருத்தம் உண்மையானது, மதிக்கிறோம். ஆனால் காமராஜர் 1967-இல் நின்றது விருதுநகரில். நம் பக்கத்து ஓட்டுச்சீட்டு எதிலும் அவர் பெயர் இருந்ததில்லை. நம் பழைய செங்கற்பட்டு மாவட்டத்தில் அந்த ஆண்டு தோற்ற பெரிய தலைவர் வேறொருவர்: முதலமைச்சர் பக்தவத்சலம், ஸ்ரீபெரும்புதூரில். அவரைத் தோற்கடித்ததற்காக இங்கே யாரும் குரல் தழுதழுப்பதில்லை. செய்யாததற்கு வருந்துகிறோம், செய்ததை மறந்துவிட்டோம்.

மக்கள் மனம் மாறுகிறது என்பதல்ல இந்த இதழின் கவலை. மாறத்தான் வேண்டும், அதற்குத்தான் தேர்தல். ஏன் மாறினோம் என்பதை நாம் எங்கும் எழுதி வைப்பதில்லை. காரணம் மறைந்த பிறகு மிஞ்சுவது இரண்டே: ஒன்று சிலை, இல்லையென்றால் வசை.

1967-ஐயே எடுத்துக்கொள்வோம். அதற்கு முந்தைய இரண்டு ஆண்டுகள் எப்படி இருந்தன? 1965 ஜனவரி, பிப்ரவரியில் இந்தித் திணிப்பை எதிர்த்து மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். துப்பாக்கிச்சூட்டில் பலர் மாண்டார்கள். மழை பொய்த்தது, அரிசிக்குப் பஞ்சம். ரேஷன் கடை வரிசையில் நின்ற பெண்ணுக்குக் காமராஜர் தந்த அணையும் பள்ளிக்கூடமும் நினைவில்லாமல் போகவில்லை. அன்றைக்கு வீட்டில் அரிசி இல்லை, அவ்வளவுதான். இந்த ஊரிலேயே ஒரு பாட்டி சொல்லக் கேட்டதுண்டு: "காமராசு நல்லவருதான். அன்னிக்கு ஒலையில போட அரிசி இல்லியே, இன்னா பண்றது?" நன்றி கெட்டவள் பேசும் பேச்சா இது? அவரை நல்லவர் என்பதில் அவளுக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை. அவருடைய கட்சி ஆட்சியில் அடுப்பு எரியவில்லை என்பதிலும் சந்தேகம் வந்ததில்லை.

இன்னொன்று. அந்தத் தேர்தலில் தமிழகமே காங்கிரஸைக் கைவிட்டது என்கிறோம். 1962-இல் காங்கிரஸ் வாங்கியது 100-க்கு 46 வாக்கு. 1967-இல் 41. கூடுதல் இடங்களில் நின்றதால், வென்ற தி.மு.க.வைவிடவும் மயிரிழை அதிகம். மனம் மாறியவர்கள் நூற்றுக்கு ஐந்தாறு பேர். மற்றதைச் செய்தது எதிர்க்கட்சிகளின் கூட்டணிக் கணக்கு. அந்த ஐந்தாறு பேரின் மாற்றத்தை ஓர் இனத்தின் குணமாகவே பேசிக்கொண்டிருக்கிறோம். 1996-இலும் இதே கதை. பர்கூரில் ஜெயலலிதாவே தோற்றார், அ.தி.மு.க.வுக்கு நான்கு இடம். ஆனால் அந்தக் கட்சிக்கு வாக்களித்தவர் நூற்றுக்கு 21 பேர். நான்கு என்ற எண்ணைத்தான் சரித்திரம் நினைவில் வைத்திருக்கிறது. அந்த 21 பேரைப் பற்றி எந்தப் பத்திரிகை எழுதியது?

மாற்றத்துக்குள் கணக்கு இருந்ததற்கு 1980 நல்ல சாட்சி. ஜனவரியில் நடந்த மக்களவைத் தேர்தலில் இந்திராவும் கலைஞரும் சேர்ந்து தமிழ்நாட்டின் 39 இடங்களில் 37 வென்றார்கள், எம்.ஜி.ஆருக்குக் கிடைத்தது இரண்டு. பிப்ரவரியில் அவர் ஆட்சியைக் கலைத்தார்கள். மே மாதக் கடைசியில் சட்டமன்றத் தேர்தல்; அ.தி.மு.க. 129 இடங்களோடு திரும்பி வந்தது. அதே வாக்காளர்கள், இடையில் ஐந்து மாதம்கூட இல்லை. டெல்லிக்கு யார் என்ற கேள்விக்கு ஒரு பதில் சொன்னார்கள், கோட்டைக்கு யார் என்ற கேள்விக்கு வேறு பதில் சொன்னார்கள். நடுவில் ஆட்சியைக் கலைத்த செயலுக்கும் அதிலேயே பதில் இருந்தது. 1945-இல் பிரிட்டிஷ் மக்கள் செய்ததும் இதுவே. போரை வென்று கொடுத்த சர்ச்சிலை, ஐரோப்பாவில் குண்டுச் சத்தம் ஓய்ந்த மூன்று மாதத்துக்குள் வீட்டுக்கு அனுப்பினார்கள். போருக்குப் பிந்தைய வீடும் வேலையும் மருத்துவமும் யார் கையில் என்பது அவர்களுக்கு வேறு கேள்வி. ஆறாண்டு கழித்து அவரையே மறுபடி அழைத்தும் வந்தார்கள்.

எல்லா மாற்றமும் இப்படி நிதானமாய் நடந்ததென்று சொல்லவில்லை. 1991 மே 21 இரவு, நம் ஊர் வழியாகப் போகும் இதே பெங்களூர் நெடுஞ்சாலையில் கிழக்கே இருக்கும் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். அடுத்த மாதம் வாக்குப்பதிவு. பழி தி.மு.க. மேல் விழுந்தது; அதன் கூட்டணி ஏறக்குறையத் துடைத்தெறியப்பட்டது. நூற்றுக்கு 22 வாக்கு வாங்கிய தி.மு.க.வுக்குச் சட்டமன்றத்தில் கிடைத்தது இரண்டே இடம். அந்த வாக்கில் விசாரணை இல்லை, துக்கமும் கோபமும்தான் இருந்தன. கொடிக்கம்பங்கள் வெட்டப்பட்டன, கட்சிக்காரர்களின் வீடும் கடையும் தாக்கப்பட்டன. ஐந்தாண்டு கழித்து அதே கட்சியை 173 இடங்களில் ஜெயிக்க வைத்தோம். 1991-இல் நாம் கொடுத்த தண்டனை நியாயமா என்று இடைப்பட்ட நாளில் யாராவது உட்கார்ந்து பேசினோமா? இல்லை. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்ந்துவிட்டோம். இதுதான் உறுத்துகிறது. வாக்கு மாறியதில் தவறில்லை; முதல் தீர்ப்பை எடைபோடாமலே இரண்டாம் தீர்ப்பை எழுதினோமே, அதுதான் தவறு.

தாமல் தெருக்களில் நடந்தால் மதில்களைப் பாருங்கள். தேர்தலுக்கு ஓராண்டு முன்பே ஏதோ ஒரு கட்சியின் பெயரைப் போட்டு 'ரிசர்வ்' என்று எழுதிவிடுவார்கள். தேர்தல் முடிந்ததும் சுண்ணாம்பு. மழையில் சுண்ணாம்பு கரைந்த இடத்தில் சூரியன் மேல் இரட்டை இலை, இலைக்கடியில் கை, அதற்கும் அடியில் இன்று இல்லாத ஏதோ ஒரு சின்னம். எல்லாம் யாரோ வந்து எழுதியவை. வீட்டுக்காரர் தன் மனம் ஏன் மாறியது என்று அந்தச் சுவரில் ஒரு வரி எழுதியதில்லை.

எழுதிய ஊர் ஒன்று நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகளை எல்லோரும் குடவோலைப் பெருமைக்காகக் காட்டுவார்கள். முப்பது குடும்புகள், குடத்தில் போட்ட ஓலை, ஏரி வாரியம், தோட்ட வாரியம் எல்லாம் பள்ளிப்பாடத்திலேயே வந்துவிட்டன. அந்த ஊரை நடத்தியது பிராமண சபை. நிலமில்லாதவருக்கும் பெண்ணுக்கும் அதில் இடமில்லை. இதைச் சொல்லாமல் அந்தப் பெருமையைப் பேசுவது சரியல்ல. ஆனாலும் இரண்டு விஷயங்களை அந்தச் சபையிடம் கற்கலாம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மறுபடி வரக்கூடாது, அவருடைய நெருங்கிய உறவினரும் வரக்கூடாது. நல்லவரோ கெட்டவரோ, ஓராண்டு இருந்தவர் மூன்றாண்டு ஒதுங்கியிருக்க வேண்டும். ஒருவர் மீதுள்ள அன்பையும் வெறுப்பையும் நம்பி அவர்கள் ஊரை ஒப்படைக்கவில்லை.

இரண்டாவது விஷயம் இன்னும் பெரியது. 919-இல் ஒரு விதி எழுதினார்கள். அது போதவில்லை. 921-இல் அதைத் திருத்தி விரிவாக இன்னொன்று எழுதினார்கள். இரண்டுமே இன்றும் சுவரில் இருக்கின்றன. இரண்டே ஆண்டில் மனத்தை மாற்றிக்கொண்ட சபை, பழைய தீர்மானத்தைச் செதுக்கி அழித்துவிட்டு எப்போதும் இப்படித்தான் நினைத்தோம் என்று காட்டிக்கொள்ளவில்லை. ஆயிரத்து நூறு ஆண்டு கழித்துப் போய் நின்று படிப்பவருக்கு எது போதாமல் போனது, எதைச் சேர்த்தார்கள் என்பது தெரிகிறது. 1967-இல் நம் பாட்டன்மார் ஏன் மாறினார்கள் என்று நம்மால் அந்த அளவுக்குச் சொல்ல முடியுமா?

சொல்லக்கூடியவர்கள் சிலர் இன்னும் இருக்கிறார்கள். அன்று வாக்குரிமைக்கு வயது 21. 1962-இல் அண்ணாவுக்கோ நடேச முதலியாருக்கோ வாக்களித்தவர் யாராயிருந்தாலும் இன்று எண்பதின் நடுவைத் தாண்டியிருப்பார். இன்னும் பத்தாண்டு விட்டால் கேட்க ஆள் இருக்காது. ஆகவே அடுத்த இதழிலிருந்து நான்கு பக்கங்களை இதற்கென ஒதுக்குகிறோம். எந்தத் தேர்தலில் யாரைவிட்டு யாருக்கு மாறினீர்கள், அந்த வாரம் வீட்டில் என்ன நிலைமை, ஏரியில் தண்ணீர் இருந்ததா, தறி ஓடியதா, யார் வந்து என்ன சொன்னார்கள் என்று எழுதியனுப்புங்கள். சாதிக்காக வாக்களித்திருந்தாலும், பணம் வாங்கியிருந்தாலும், அழுகையில் போட்டிருந்தாலும் அப்படியே எழுதுங்கள். பேச்சுத் தமிழில் இருக்கட்டும், திருத்த மாட்டோம். பெயர் வேண்டாமென்றால் தெருப் பெயர் போதும். கை நடுங்கும் பெரியவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்து கேட்டு எழுதிக் கொடுக்க வேண்டும். இடையில் புகுந்து "அப்படியா தாத்தா, அது தப்பாச்சே" என்று மட்டும் சொல்ல வேண்டாம்.