இரண்டு டாக்டர்கள், ஒரு ரகசியம்

சிகந்தராபாத்தில் எனக்குப் பழக்கமான தமிழர் ஒருவருக்கு வயது 63. முப்பது வருடம் லாரி ஓட்டியவர். பெயர் வேண்டாம் என்றார். தெருப் பெயரும் வேண்டாம் என்றார். அவரிடம் இரண்டு சிகிச்சை நோட்டுகள் இருக்கின்றன. ஒன்று அரசு ஆஸ்பத்திரியில் ஹெச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு. மற்றது வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள சர்க்கரை டாக்டருக்கு. முதல் நோட்டைப் பீரோவில் பூட்டி வைத்திருக்கிறார். சர்க்கரை டாக்டருக்கு அப்படி ஒரு நோட்டு இருப்பதே தெரியாது. ஏ.ஆர்.டி. மையத்தில் ‘சுகர் இருக்கா?’ என்று கேட்டபோது ‘லேசா’ என்று சொல்லி வைத்தாராம்.

மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவன் என்பதால் என்னிடம் காகிதங்கள் வருவதுண்டு. பெரும்பாலும் நிலப் பத்திரம், கோர்ட் நோட்டீஸ். இவர் கொண்டுவந்தது மருந்துப் புட்டிக்குள் மடித்து வைத்திருந்த விளக்கக் காகிதம். பொடி எழுத்து ஆங்கிலம். ‘ரெண்டு மாசமா வயித்தால போகுது தம்பி. குமட்டல் வேற. இதுல என்ன போட்டிருக்குன்னு பாருங்க’ என்றார்.

பார்த்தேன். டோலுடெக்ராவிர் என்ற மருந்து சேர்ந்த கூட்டு மாத்திரை அது. தினம் ஒன்று. 2020க்குப் பிறகு இந்தியாவின் அரசு மையங்களில் பெரும்பாலோருக்கு இலவசமாகக் கொடுக்கப்படுவது இதுதான். நல்ல மருந்து, வைரஸை வேகமாக அடக்குகிறது. ஆனால் சர்க்கரை வியாதிக்காரர்கள் பலரும் விழுங்கும் மெட்ஃபார்மினைச் சிறுநீரகம் வெளியேற்றும் வழியை இது ஓரளவு அடைத்துவிடுகிறது. சேர்த்துச் சாப்பிட்டால் உடம்பில் மெட்ஃபார்மினின் மொத்த அளவு ஏறக்குறைய 80 சதவீதம் கூடுகிறது. அதனால்தான் ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்று எச்சரிக்கிறார்கள். சர்க்கரை டாக்டர் இவருக்கு எழுதியிருந்தது 2,000. அவரைக் குறை சொல்ல முடியாது. நோயாளி சொன்னதை வைத்து எழுதியிருக்கிறார்.

இந்தியாவில் ஹெச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்டது 1986இல், சென்னை மருத்துவக் கல்லூரியில். டாக்டர் சுனிதி சாலமனும் அவரது மாணவி நிர்மலாவும் திரட்டிய ரத்த மாதிரிகள் வேலூரில் சோதிக்கப்பட்டன. அந்த நாட்களில் இந்த நோயாளிகளுக்கு மூப்பில் என்ன வரும் என்று யாரும் கேட்டதில்லை. மூப்பு வரை இருப்பார்கள் என்ற எண்ணமே இல்லை. 2001இல் மும்பையின் சிப்லா, ஒரு வருட மருந்தை 350 டாலருக்குத் தருகிறேன் என்றபோது உலகமே திரும்பிப் பார்த்தது. 2004 ஏப்ரலில் அரசு இலவச சிகிச்சையைத் தொடங்கியது. நோய் அதிகம் என்று கணக்கிடப்பட்ட ஆறு மாநிலங்களில் ஆந்திரமும் ஒன்று. அப்போது 40 வயதில் மாத்திரையைத் தொடங்கியவர் இன்று அறுபதைத் தாண்டிவிட்டார். பிழைத்துக் கிடந்தால் போதும் என்று இருந்தவருக்கு இப்போது அண்டை வீட்டுக்காரருக்கு வரும் வியாதியெல்லாம் வருகிறது.

சற்று முன்கூட்டியே வருகிறது என்பதுதான் சிக்கல். இந்தத் துறையில் 50 வயதைத் தாண்டினாலே முதியவர் கணக்கு. வைரஸ் அடங்கியிருந்தாலும் உடம்பில் ஒரு மெல்லிய அழற்சி நீடிக்கிறது. போதாததற்குப் பழைய மருந்துகளின் கைங்கரியம். தொடக்க காலத்தில் மலிவாகக் கிடைத்த ஸ்டாவுடின் கன்னத்திலும் கைகால்களிலும் கொழுப்பைக் கரைத்தது, இன்சுலின் வேலை செய்வதையும் கெடுத்தது. அதைக் கைவிடுமாறு உலக சுகாதார நிறுவனம் 2009இல் சொன்னது. புரோட்டீஸ் தடுப்பான்கள் என்ற இன்னொரு வகை சர்க்கரையை ஏற்றுவதாக அமெரிக்க அரசு 1997இலேயே எச்சரித்திருந்தது. புது மருந்துகளில் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் சிலருக்கு எடை ஏறுகிறது. நம்மவர்களுக்குத் தொப்பை என்றால் சர்க்கரைக்குப் பத்திரிகை அடித்து அழைப்பு வைத்த மாதிரி.

பரிசோதனையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. மூன்று மாதச் சராசரி காட்டும் ஹெச்.பி.ஏ.1சி. சோதனையைத்தான் இன்று எல்லோரும் நம்புகிறார்கள். அது ரத்தச் சிவப்பணுக்களை வைத்துப் போடும் கணக்கு. சிடோவுடின் போன்ற சில ஹெச்.ஐ.வி. மருந்துகள் அந்தச் சிவப்பணுக்களையே மாற்றிவிடுவதால், சர்க்கரை உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகத் தெரியலாம். ஆகவே இவர்களுக்கு வெறும் வயிற்றில் எடுக்கும் ரத்தச் சோதனைதான் நம்பகம். சிகிச்சை தொடங்கும் முன், மருந்து மாற்றும்போது, மாற்றி மூன்று முதல் ஆறு மாதத்துக்குள், எல்லாம் சரியாக இருந்தால் பிறகு வருடம் ஒருமுறை பார்க்கச் சொல்கிறார்கள். கிரியேட்டினின் கதை இதற்கு நேர்மாறு. டோலுடெக்ராவிர் தொடங்கியதும் அது சற்று ஏறும், சிறுநீரகம் கெடாமலே. விஷயம் தெரியாத டாக்டர் பயந்துபோவார். ஆனால் அதே மாத்திரையில் சேர்ந்துள்ள டெனோஃபோவிர் சிறுநீரகத்தை உண்மையிலேயே பாதிக்கக்கூடியது. சர்க்கரையும் அதே இடத்தைத்தான் தாக்கும். எது பொய் ஏற்றம், எது மெய் ஏற்றம் என்று பிரித்தறிய டாக்டருக்கு முழுக் கதையும் தெரிந்திருக்க வேண்டும்.

கால் எரிச்சலும் அப்படித்தான். நண்பர் வருடக்கணக்கில் ஸ்டாவுடின் தின்றவர். பாதம் மரத்துப்போனது அதனால் என்றே நினைத்திருந்தார். சர்க்கரையும் சேர்ந்து செய்த வேலையாக இருக்கலாம். செருப்பு கழன்று விழுவது தெரியாமல் நடக்கிறார். மருந்துகள் மோதிக்கொள்ளும் இன்னோர் இடம் உண்டு: நெஞ்செரிச்சலுக்குக் குடிக்கும் அலுமினியம், மெக்னீசியம் கலந்த ஆன்டாசிட், டோலுடெக்ராவிரை ரத்தத்தில் சேர விடாது. மாத்திரையை அதற்கு இரண்டு மணி நேரம் முன்போ, ஆறு மணி நேரம் பின்போ போட வேண்டும். எலும்புக்கான கால்சியத்தைச் சாப்பாட்டுடன் சேர்த்து விழுங்கினால் தொந்தரவில்லை.

வேடிக்கை என்னவென்றால் இந்த இரு மருந்துகளுக்கும் ஹைதராபாத் சொந்த ஊர் மாதிரி. ஹெட்டெரோவும் அரபிந்தோவும் ஹெச்.ஐ.வி. மாத்திரைகளை ஆப்பிரிக்கா வரை அனுப்புகின்றன. கிரானூல்ஸ் மெட்ஃபார்மினைத் தயாரித்து உலகுக்கு விற்கிறது. இந்தக் கூட்டு மாத்திரையின் விலை, குளோபல் ஃபண்ட் வாங்கும் கணக்கில், 2023இல் வருடத்துக்கு 45 டாலருக்கும் கீழே இறங்கிவிட்டது. மருந்து மலிந்துவிட்டது. அதை விழுங்குகிறேன் என்று பக்கத்துத் தெரு டாக்டரிடம் சொல்வது மலியவில்லை.

நான் சட்டம் பேசினேன். 2017இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் அமலுக்கு வந்த ஹெச்.ஐ.வி. தடுப்புச் சட்டப்படி, நோயாளியின் சம்மதம் இல்லாமல் அவருடைய நிலையைப் பொதுவாக வெளியே சொல்லக் கூடாது என்றேன். அவர் சிரித்தார். ‘சட்டம் இருக்குது தம்பி. அந்த டாக்டர் ரூமுக்குக் கதவு இல்லையே, ஸ்கிரீன் துணிதானே? கம்பவுண்டர் பொண்ணு எங்க தெருவு.’

அதற்கு என்னிடம் பதில் இல்லை. வேறு வழியாக ஏற்பாடாயிற்று. சர்க்கரை மாத்திரைச் சீட்டை அவர் ஏ.ஆர்.டி. மையத்துக்கு எடுத்துப் போனார். அங்குள்ள டாக்டர் மெட்ஃபார்மினைப் பாதியாக்கி, வெறும் வயிற்று ரத்தமும் சிறுநீரும் பார்த்து, கண்ணையும் பாதத்தையும் சோதிக்க அதே ஆஸ்பத்திரியின் வேறு பிரிவுக்கு அனுப்பினார். சர்க்கரை வைத்தியமும் இனி இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும், அரை நாள் வரிசையில் நிற்க வேண்டும். வயிற்றுப்போக்கு பத்து நாளில் நின்றது. தெருமுனை டாக்டரிடம் மட்டும், ‘ஊருக்குப் போயிட்டு வர்றேன்’ என்று சொல்லியிருக்கிறாராம்.