பாட்டன் பெயர் கேட்கும் வாக்காளர் பட்டியல்

வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்தை ஆதரிப்போர் ஒரு வாதத்தைத் திரும்பத் திரும்ப முன்வைக்கின்றனர். விதி அனைவருக்கும் பொதுவானது. எந்தச் சாதியையும் மதத்தையும் மொழியையும் அது குறிப்பிடவில்லை. அவ்வாறிருக்கப் பாகுபாடு எங்கே என்கின்றனர். இதற்கான விடை அமெரிக்கத் தென் மாநிலங்களின் வரலாற்றில் உள்ளது.

நிறத்தின் பெயரால் வாக்குரிமையை மறுக்கலாகாது என்று 1870-இல் அமெரிக்க அரசியல் சட்டத்தின் 15ஆவது திருத்தம் விதித்தது. தென் மாநில ஆளும் வர்க்கம் அதை நேரடியாக மீறவில்லை. வாக்களிக்க எழுத்தறிவோ சொத்தோ வேண்டும் என்று 1898-இல் லூசியானா மாநிலம் சட்டமியற்றியது. ஆனால் 1867 ஜனவரி 1-இலோ அதற்கு முன்போ வாக்குரிமை பெற்றிருந்தோருக்கும் அவர்தம் மகன், பேரன்களுக்கும் விலக்களித்தது. கறுப்பர் என்ற சொல் அதில் இல்லை. எனினும் அந்நாளில் அங்கே கறுப்பின மக்களுக்கு வாக்குரிமையே இருக்கவில்லை. 1896-இல் 1,30,334 ஆக இருந்த கறுப்பின வாக்காளர் எண்ணிக்கை 1904-இல் 1,342 ஆகச் சுருங்கியது.

கேரளத்தில் 2025 நவம்பர் 4-இல் தொடங்கிய திருத்தத்திற்கு அடிப்படை 2002ஆம் ஆண்டுப் பட்டியல். அதில் பெயரில்லாதவர், பெற்றோர் அல்லது பாட்டன் பாட்டியின் பெயரை முந்தைய பட்டியலிலிருந்து எடுத்துக்காட்ட வேண்டும்; இயலாவிடில் ஆவணங்களால் தகுதியை மெய்ப்பிக்க வேண்டும். தேவிகுளம், பீருமேடு தோட்டத் தொழிலாளி வாழும் லயம் நிறுவனத்துக்குச் சொந்தமானது. வீட்டு வரி ரசீது அவர் பெயரில் இராது. சித்தூர், கொழிஞ்சாம்பாறைப் பகுதிகளில் மணமாகி எல்லை கடந்து வந்த பெண்ணின் பெற்றோர் பெயர் கோவை மாவட்டப் பட்டியலில் இருக்கும். தமிழில் ஒருவிதமாகவும் மலையாளத்தில் வேறுவிதமாகவும் எழுதப்பட்ட பெயர்கள் பொருந்துவதில்லை.

பாட்டன் காலத்து ஆவணம் கேட்கப்படுவது இம்மக்களுக்குப் புதிதன்று. பட்டியல் சாதிச் சான்றிதழுக்கு, 1950 ஆகஸ்ட் 10-க்கு முன்பே குடும்பம் இங்கு குடியேறியதை அவர்கள் மெய்ப்பிக்க வேண்டியுள்ளது. தேவிகுளம் சட்டமன்ற உறுப்பினர் தோழர் ஏ. ராஜாவின் தேர்தல் செல்லும் என 2025 மே மாதம் உச்சநீதிமன்றம் தீர்ப்பளிக்கும் முன், அவருடைய முன்னோர் குடிபெயர்ந்த காலமும் வழக்கில் வாதப்பொருளாயிற்று.

இரு வரலாறுகளும் ஒன்றல்ல. அங்கே நிறவெறி வெளிப்படையானது. இங்கே 1951-52 முதல் பொதுத்தேர்தலிலேயே வயது வந்தோர் அனைவரும் வாக்குரிமை பெற்றனர். வீடு தேடிச் சென்று பெயர் சேர்ப்பது அரசின் கடமையாயிருந்தது. இன்று மெய்ப்பிக்கும் சுமை குடிமக்கள் தலையில் ஏற்றப்படுகிறது. கடந்த காலத்தின் ஒரு நாள், மூதாதையர் பெயர், குறுகிய அவகாசம் ஆகிய இம்மூன்றும் சேர்ந்து இயங்கும் முறையே நாம் ஒப்பிட வேண்டியது.

நீதிமன்றம் மட்டும் போதாது என்பதும் அவ்வரலாற்றின் படிப்பினை. 1915-இல் ஓக்லஹோமாவின் பாட்டன் விதியை அமெரிக்க உச்சநீதிமன்றம் நீக்கியது. மறு ஆண்டே, விடுபட்டோர் 12 நாட்களுக்குள் பதியாவிடில் நிரந்தரமாக உரிமையிழப்பர் என அம்மாநிலம் சட்டமியற்றியது. அது வீழ 1939 வரை ஆயிற்று. மிசிசிப்பியில் வீடுவீடாக நடந்த பதிவு இயக்கமும் செல்மா பேரணியுமே 1965-இன் வாக்குரிமைச் சட்டத்தைப் பெற்றுத்தந்தன.

ஆகவே தோழர்களின் பணி தெளிவானது. லயம் லயமாக, தெருத் தெருவாகப் பட்டியலைப் படித்துக் காட்டி, விடுபட்டோரின் விண்ணப்பங்களை நிரப்பித் தர வேண்டும். தமிழ்ச் சிறுபான்மையினர் அரசுடன் தம் மொழியில் தொடர்புகொள்ளும் உரிமையை 1969ஆம் ஆண்டுக் கேரள ஆட்சிமொழிச் சட்டம் வழங்கியுள்ளது. அந்த நெறியின்படி, அறிவிப்பும் விசாரணையும் தமிழிலும் நடைபெற வேண்டும் என்ற கோரிக்கையை எல்லைப் பகுதியெங்கும் எழுப்புவோம்.