மிதிப்பவனுக்கே ரிக்‌ஷாவா?

தில்லி மாநகராட்சி 1960-ல் சைக்கிள் ரிக்‌ஷாவுக்கென்று ஒரு துணைவிதி போட்டது. ரிக்‌ஷா எவருக்குச் சொந்தமோ அவரே அதை மிதிக்க வேண்டும். ஓர் ஆளுக்கு ஒரு லைசென்ஸ்தான். விதவைகளுக்கும் ஊனமுற்றோருக்கும் மட்டும் விலக்கு உண்டு. கேட்பதற்கு நம்முடைய கோஷம் போலவே இருக்கிறது. உழுபவனுக்கே நிலம் என்று ஊரிலே முழங்கியவர்கள் நாம். மிதிப்பவனுக்கே ரிக்‌ஷா என்றால் வேண்டாமென்று சொல்வோமா?

ஆனால் நடந்தது என்ன? பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் அறுவடை முடிந்து ரயிலேறி வருகிறவர் கையில் வண்டி வாங்கப் பணம் ஏது? லைசென்ஸ் கேட்டுப் போனால் காட்டுவதற்கு விலாசம் ஏது? நாள் வாடகைக்கு எடுத்து மிதிக்கிறார். நடவு வந்தால் ஊர் திரும்புகிறார். சொந்த வண்டியே இருந்தாலும் அதை யார் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டுப் போவார்? பிழைக்க வந்த ஊரில் ஒரு பொருளைச் சொந்தமாக வைத்துக் காப்பாற்றுவது எத்தனை பாடு என்பதை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

விதிப்படி அந்த வாடகை வண்டி சட்டவிரோதம். எண்ணிக்கைக்கும் ஓர் உச்சவரம்பு வைத்தார்கள்: 99,000. தெருவில் ஓடியதோ அதைப்போல் பல மடங்கு. லைசென்ஸ் கிடைக்காத வண்டி மாமூல் கொடுத்து ஓடும். மாமூல் தவறினால் மாநகராட்சி லாரியில் ஏறும். பிடித்த வண்டியை உடைத்துப் பழைய இரும்பாக்கவும் விதியிலே இடம் இருந்தது. வாடகை முதலாளியை ஒழிக்கிறோம் என்றார்கள். முதலாளி இன்னொரு வண்டி வாங்கிக்கொண்டார். அன்றையச் சோறு போனது மிதித்தவருக்குத்தான். கார் எத்தனை வேண்டுமானாலும் வாங்கலாம், அதற்கு உச்சவரம்பு கிடையாது!

மனுஷி சங்கட்டன் என்ற அமைப்பு இதை எதிர்த்து வழக்குப் போட்டது. 2010 பிப்ரவரி 10-ல் தில்லி உயர் நீதிமன்றம் உச்சவரம்பையும், சொந்தக்காரரே ஓட்ட வேண்டும் என்ற நிபந்தனையையும் செல்லாது என்றது. மாநகராட்சி விடவில்லை, மேல் முறையீடு செய்தது. 2012-ல் உச்ச நீதிமன்றத்திலும் தோற்றது. தீர்ப்பை நாம் மனதார வரவேற்கிறோம்.

வரவேற்றாலும் ஒரு நெருடல் இருக்கிறது. விதி போயிற்று, வாடகை போகவில்லை. மிதிப்பவர் இன்றும் முதல் சவாரிகளை வாடகைக்காகவே மிதிக்கிறார். அப்படியானால் அந்தக் கோஷமே தவறா? இல்லை என்போம். 1975-ல் பஞ்சாப் அரசும் இதே நிபந்தனையைச் சட்டமாக்கியது. அமிர்தசரஸ் ரிக்‌ஷாத் தொழிலாளர்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். 1980-ல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் சட்டத்தைத் தள்ளுபடி செய்துவிட்டுக் கையைக் கழுவவில்லை. வங்கிக் கடன் வாங்கி ஓட்டுகிறவரே வண்டிக்குச் சொந்தக்காரர் ஆவதற்கு ஒரு திட்டம் வகுத்துக் கொடுத்தார். சொந்தமாக இருக்க வேண்டும் என்கிறாயா, முதலில் சொந்தமாக்கிக் கொடு! தமிழ்நாட்டில் 1973-ல் கைரிக்‌ஷாவை ஒழித்தபோது சைக்கிள் ரிக்‌ஷாவைக் கையில் கொடுத்துத்தானே ஒழித்தார்கள்?

மும்பைக்குப் பக்கத்து மாதேரான் மலையில் மனிதனை மனிதன் இழுக்கும் வண்டி இன்னும் ஓடியது. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்த அமிர்தசரஸ் தீர்ப்பை 45 ஆண்டு கழித்து எடுத்துக் காட்டி, ஆறு மாதத்தில் அதை நிறுத்தச் சொன்னது. கூடவே இழுத்தவர்களுக்குப் பேட்டரி ரிக்‌ஷா கொடுக்கவும் உத்தரவிட்டது. நிதி இல்லை என்று சாக்குச் சொல்லக்கூடாது என்றது. அந்த வண்டி இழுத்தவர் கைக்கே போகிறதா என்று மும்பைத் தோழர்கள் கவனித்துவர வேண்டும்.

தில்லியிலும் பேட்டரி ரிக்‌ஷா பெருகிவிட்டது. பழைய வண்டியில் பட்ட பாடு புதிய வண்டியிலும் தொடரக்கூடாது. நம் குடும்பங்களில் எவராவது ஓட்டினால் ஒன்று சொல்கிறோம்: வண்டி பிடிபட்டால் எந்த விதியின்கீழ் என்று கேளுங்கள். ரசீது இல்லாமல் வண்டியை விடாதீர்கள். ரசீதோடு சங்கத்துக்கு வாருங்கள்.