விரால் குளத்துக்கு வந்த அமெரிக்கத் தூண்டில்: மீனுக்கு ஒளிய இடம் மிச்சம் இருக்கிறதா?

தண்ணீருக்கு அடியில் மீன் எங்கே நிற்கிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது, தூண்டிலைப் பார்த்ததும் கிட்ட வருகிறதா, விலகிப் போகிறதா? இதையெல்லாம் படகில் உட்கார்ந்தபடியே திரையில் நேரலையாகப் பார்க்கலாம் என்றால், அது மீன்பிடி விளையாட்டா, வீடியோ கேமா?

அமெரிக்காவில் சில ஆண்டுகளாகச் சூடாக நடந்துவரும் விவாதம் இது. அங்கே விவாதத்தின் நடுவில் இருப்பது பாஸ் என்ற நன்னீர் மீன். அந்த மீனுக்காக உருவான தூண்டில் சாமான்களில் பல, இன்று ஆன்லைனில் ஆர்டர் போட்டால் செங்கோட்டைக்கும் தென்காசிக்கும் வீடு தேடி வந்துவிடுகின்றன. இங்கே அவை குறி வைப்பது நம்ம ஊர் விராலை.

அப்படியென்றால் அந்த விவாதத்தில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. என்ன அது? பார்க்கலாம்.

அமெரிக்காவில் என்ன பிரச்னை?

பாஸ் பிடிப்பதை ஒரு தொழில்முறைப் போட்டியாக மாற்றியவர் ரே ஸ்காட். 1967-ல் அர்கன்சாஸ் மாநிலத்தின் பீவர் ஏரியில் அவர் நடத்திய போட்டியிலிருந்துதான் 'பாஸ்' என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமைப்பும், பாஸ்மாஸ்டர் போட்டிகளும் வளர்ந்தன. பிடித்த மீனைக் கொல்லாமல் எடை போட்டுத் திரும்ப விடும் பழக்கத்தை 1970-களில் போட்டிகளில் கொண்டுவந்ததும் அவர்தான்.

சோனார் அந்த விளையாட்டுக்குப் புதிதல்ல. 1950-களின் இறுதியிலேயே லோரன்ஸ் நிறுவனத்தின் மீன் தேடும் பெட்டி அமெரிக்கப் படகுகளுக்கு வந்துவிட்டது. ஆனால் அது படகுக்குக் கீழே இருப்பதை மட்டும் காட்டும். அதுவும் படகு அந்த இடத்துக்கு மேலே வந்த பிறகுதான் திரையில் தெரியும்.

2018-ல் கார்மின் நிறுவனம் கொண்டுவந்த லைவ்ஸ்கோப் இதை மாற்றியது. படகுக்கு முன்னால் இருப்பதை, அந்த நொடியிலேயே காட்டுகிறது. மற்ற நிறுவனங்களும் இதே வகைக் கருவிகளோடு வந்தன.

அது எப்படி வேலை செய்கிறது?

வௌவால் இருட்டில் பறக்கும் அதே சூத்திரம்தான். கருவி தண்ணீருக்குள் ஒலி அலைகளை அனுப்பும். அவை எதிலாவது பட்டுத் திரும்பி வரும். தண்ணீரில் ஒலி ஒரு நொடிக்கு சுமார் 1,500 மீட்டர் ஓடும். காற்றில் ஓடுவதைப் போல நான்கு மடங்குக்கும் அதிகம். திரும்பி வர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்துப் பொருள் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கருவி கணக்குப் போடுகிறது. பெரும்பாலான மீன்களின் உடலுக்குள் ஒரு காற்றுப்பை உண்டு. ஒலி அதில் நன்றாகப் பட்டு எதிரொலிப்பதால் மீன் திரையில் பளிச்சென்று தெரியும்.

இதன் விளைவு என்ன? ஏரியின் எந்த மூலையில் எந்த மாதத்தில் மீன் இருக்கும் என்று பல வருடம் அலைந்து கற்றுக்கொண்ட அனுபவத்தை, திரை பார்க்கத் தெரிந்த இளைஞர் சீக்கிரமே எட்டிப் பிடிக்கலாம். 2024 பிப்ரவரியில் டெக்சாஸின் லேக் ஃபோர்க் ஏரியில் நடந்த பாஸ்மாஸ்டர் எலைட் போட்டியை வென்ற டிரே மெக்கின்னிக்கு அப்போது வயது 19.

ஒரு தரப்பு, "இது திறமையைக் கொல்கிறது" என்கிறது. இன்னொரு தரப்பு, "மீன் தெரிந்தால் மட்டும் போதுமா, கடிக்க வைக்க வேண்டாமா?" என்று கேட்கிறது. இரண்டிலும் நியாயம் இருக்கிறது. கருவியும் திரையும் சேர்ந்தால் நம்ம பணத்தில் லட்சங்களில் செலவாகும் என்பதால், பணம் இருப்பவருக்கே வெற்றி என்ற புகாரும் உண்டு.

போட்டி அமைப்புகள் நடுவழி தேடின. 2025 சீசனில் பாஸ்மாஸ்டர் எலைட் போட்டிகளில் ஒரு படகுக்கு ஒரே ஒரு நேரலை சோனார், திரைகளின் மொத்த அளவு 55 அங்குலத்துக்குள் என்று வரம்பு வந்தது. மேஜர் லீக் ஃபிஷிங் அமைப்பின் பாஸ் புரோ டூர், ஒரு நாளை மூன்று பகுதியாகப் பிரித்து அதில் ஒன்றில் மட்டும் பயன்படுத்தலாம் என்றது. நேஷனல் புரொஃபெஷனல் ஃபிஷிங் லீக் முழுவதுமாகவே தடை செய்தது.

சரி, இதுக்கும் செங்கோட்டைக்கும் என்ன சம்பந்தம்?

செங்கோட்டை பக்கத்தில் 36 அடி குண்டாறு அணை, மேக்கரையில் 132 அடி அடவிநயினார் அணை, இவை தவிர மழைக்கு மழை நிரம்பி மறுகால் பாயும் குளங்கள் என்று தண்ணீருக்குக் குறைவில்லை. ஆனால் இங்கே நேரலை சோனார் பெரிய விஷயம் இல்லை. ஆழம் குறைந்த, தாமரையும் பாசியும் அடைத்த குளத்தில் செடிகளே ஒலியை மறித்துவிடும்.

அது மட்டுமில்லை. விராலைக் கண்டுபிடிக்க சோனாரே தேவையில்லை. விரால் செவுளால் மட்டும் சுவாசிக்கும் மீன் அல்ல. தலைக்குள் இருக்கும் தனி உறுப்பின் உதவியோடு காற்றையும் சுவாசிக்கிறது. அதனால் அவ்வப்போது மேலே வந்து வாய் திறந்தே ஆக வேண்டும். கரையில் பொறுமையாக நிற்பவருக்கு அந்தக் குமிழியே போதும்.

அப்போ விராலுக்குப் பாதுகாப்பாக இருந்தது எது? செடிதான். தாமரைக்குள்ளும் ஆகாயத்தாமரைக்குள்ளும் சாதாரணத் தூண்டில் முள்ளைப் போட்டால் சிக்கிக்கொள்ளும். இழுத்தால் தங்கூஸ் அறுந்துவிடும். மீன் இருப்பது தெரிந்தாலும் எடுக்க முடியாது.

அந்தக் கோட்டையைத்தான் இப்போது வந்திருக்கும் மூன்று சாமான்கள் உடைத்திருக்கின்றன.

முதலாவது, ரப்பர் தவளை. செடி அடைத்த ஏரிகளில் பாஸ் பிடிப்பதற்காக அமெரிக்காவில் பிரபலமானது. உள்ளே காலியாக இருக்கும். இரண்டு முட்களும் மேல்நோக்கி, தவளையின் முதுகோடு ஒட்டியிருக்கும். இலை மேல் இழுத்தாலும் சிக்காது. மீன் கவ்வும்போது உடல் அமுங்கி முள் வெளியே வரும்.

இரண்டாவது, பின்னிய நூல். அதே தடிமன் உள்ள நைலான் தங்கூஸைவிடப் பல மடங்கு வலு. நீட்சி மிகக் குறைவு. மீனைச் செடியோடு சேர்த்து இழுத்துவிடலாம்.

மூன்றாவது, பெய்ட்காஸ்டிங் ரீல். சிறிய தவளையைக்கூட தூரமாக, குறி வைத்த இடத்தில் போடலாம். சில ரீல்களில் நூல் சிக்காமல் பார்த்துக்கொள்ள மின்னணுச் சில்லே இருக்கிறது.

இவற்றோடு செல்போனையும் சேர்த்துக்கொள்ளுங்கள். செயற்கைக்கோள் வரைபடத்தில் குளம் தேடலாம். எப்படி வீசுவது என்று யூடியூபில் கற்கலாம். பிடித்த மீனை ரீல்ஸில் போடலாம். பின்னணியில் குற்றால மலையோ, ஒரு கோபுரமோ தெரிந்தால் போதும், எந்தக் குளம் என்று பார்க்கிறவருக்குப் புரிந்துவிடும். அடுத்த வாரம் அதே கரையில் பத்துப் பேர் நிற்கலாம்.

உண்மையான ஆபத்து எங்கே?

பாஸுக்கும் விராலுக்கும் உறவில்லை. ஆனால் ஒரு குணம் இரண்டுக்கும் பொது. இரண்டுமே பிள்ளையைக் காவல் காக்கும் மீன்கள்.

பாஸ் மீனில் ஆண்தான் காவல். ஆழமில்லாத இடத்தில் குழி பறித்து, முட்டைகளையும் பிறகு குஞ்சுகளையும் காக்கும். தூண்டிலில் அந்த ஆணைத் தூக்கிவிட்டால், சிறு மீன்கள் உடனே புகுந்து முட்டைகளைத் தின்பதை ஆய்வாளர்கள் வட அமெரிக்க ஏரிகளில் பதிவு செய்திருக்கிறார்கள். பிடித்த மீனைத் திருப்பி விட்டாலும், அது கூட்டுக்கு வந்து சேர்வதற்குள் சேதம் நடந்து முடிந்துவிடலாம். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பல பகுதிகளில் முட்டையிடும் வசந்த காலத்தில் பாஸ் பிடிக்கத் தடை என்ற நடைமுறை நீண்ட காலம் இருப்பதற்கு இதுதான் காரணம்.

விராலும் அப்படித்தான். மழைக்காலத்தில் செடிகளை விலக்கி இடம் செய்து முட்டையிடும். முட்டைகள் மிதக்கும். குஞ்சுகள் சிவந்த நிறத்தில், நூற்றுக்கணக்கில் ஒரே பந்தாகத் திரியும். கீழே தாயும் தகப்பனும் காவல். குஞ்சுகள் மேலே வரும்போது தண்ணீர் சிலிர்ப்பது போலத் தெரியும்.

இதுதான் சிக்கல். அந்தச் சிலிர்ப்புக்கு நடுவில் ரப்பர் தவளையைப் போட்டால், பசிக்காக அல்ல, குஞ்சைக் காப்பாற்றவே பெரிய விரால் பாய்ந்து கவ்வும். வீடியோவுக்கு நல்ல காட்சி. ஆனால் கரைக்கு வருவது ஒரு மீன், தண்ணீரில் அநாதையாவது நூற்றுக்கணக்கான குஞ்சுகள்.

குஞ்சோடு இருக்கும் விராலைப் பிடிக்கும் ஆள் முன்பும் இருந்தார். ஆனால் செடி அவரைத் தடுத்தது. இப்போது அந்தத் தடை போய்விட்டது என்பதுதான் வித்தியாசம்.

கடலில் 61 நாள் தடைக்காலம் என்றால் தமிழ்நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். குளத்து விராலுக்கு அப்படி எல்லோரும் அறிந்த ஒரு தடைக்காலம் இல்லை. ஆரியங்காவு தாண்டினால் வரும் கேரளத்தில், முதல் மழையில் முட்டையிட ஏறிவரும் மீன்களைப் பிடிக்கும் 'ஊத்த' மீன்பிடிப்புக்குச் சட்டப்படி தடை உண்டு. மலைக்கு இந்தப் பக்கமும் அதே மழைதான் பெய்கிறது.

தூண்டில்காரர் எதிரியா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. காவிரி ஒரு உதாரணம்.

கர்நாடகப் பகுதிக் காவிரியில் மகசீர் மீனைப் பிடித்துவிடும் முகாம்கள் பல ஆண்டுகள் நடந்தன. அங்கே தூண்டில்காரர்கள் எழுதி வைத்த பதிவேடுகள்தான், முதுகில் திமில் கொண்ட மகசீர் அழிந்து வருவதை ஆய்வாளர்களுக்குக் காட்டின. 1946-ல் கபினியில் 120 பவுண்டு எடையில் பிடிபட்ட வகை அது. 2018-ல்தான் அதற்கு 'டோர் ரெமாதேவி' என்ற அறிவியல் பெயர் உறுதியானது. அதே ஆண்டு, அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாக அது பட்டியலிடப்பட்டது.

ஆனால் இதே கதையில் இன்னொரு பாடமும் இருக்கிறது. மீன் பெருக வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் காவிரியில் விடப்பட்டது வேறு வகை மகசீர். அது பெருகியது, சொந்த வகை குறைந்தது. ஜப்பானிலும் இதே நிலை. 1925-ல் ஆஷி ஏரிக்குக் கொண்டுவரப்பட்ட பாஸ் நாடு முழுக்கப் பரவி, 2005-ல் சட்டம் போட்டுக் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. விளையாட்டுக்காக வெளிநாட்டு மீனைக் குளத்தில் விடுவது விளையாட்டான காரியமில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

குளம் பொதுவாக இருக்கலாம், மீன் பொது இல்லை. பல குளங்களில் மீன்பாசி குத்தகை ஏலம் போயிருக்கும். குஞ்சு வாங்கி விட்டு, தீனி போட்டு வளர்ப்பவர் குத்தகைதாரர். அங்கே கேட்காமல் தூண்டில் போடுவது அவருடைய வருமானத்தில் கை வைப்பது. விரால் கிலோ பல நூறு ரூபாய்க்கு விற்கும் மீன்.

மலைப்பக்க ஓடைகள் வேறு கணக்கு. செங்கோட்டை, குற்றாலம் பக்கத்துக் காடுகளில் நெல்லை வன உயிரினச் சரணாலயப் பகுதிகள் உள்ளன. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போவதே குற்றம். வெடி, விஷம் வைத்து மீன் பிடிப்பதை 1897-ம் ஆண்டு இந்திய மீன்வளச் சட்டமே தடை செய்திருக்கிறது.

இன்னொன்று, உயிர். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் 17 வயது மாணவரை அடித்துச் சென்றது. மலையில் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் வரும். மீனைக் காட்டும் எந்தக் கருவியும் அதைக் காட்டாது.

தூண்டில் போடுபவர்கள் என்ன செய்யலாம்?

* குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் அந்த இடத்தை விட்டுவிடுங்கள். பிடித்துத் திருப்பி விடுவதும் தீர்வல்ல.
* குத்தகைதாரரிடம் கேட்டுவிட்டுத் தூண்டிலை எடுங்கள்.
* திருப்பி விடுவதாக இருந்தால் கையை நனைத்துக்கொண்டு மீனைப் பிடியுங்கள். பிடித்த இடத்திலேயே விடுங்கள்.
* வீடியோ போடுங்கள், ஆனால் குளத்தின் பெயரைப் போடாதீர்கள்.
* அறுந்த நூலைக் கரையில் விடாதீர்கள். கொக்கும் நீர்க்காகமும் அதில் சிக்கும்.

கடைசியாக...

அமெரிக்கப் போட்டி அமைப்புகள் சோனாரை முற்றிலும் ஒதுக்கலாமா, அளவோடு வைக்கலாமா என்று ஆளுக்கு ஒரு முடிவு எடுத்திருக்கின்றன. ஆனால் எல்லா முடிவுக்கும் பின்னால் இருப்பது ஒரே எண்ணம்: கருவியால் முடிகிறது என்பதற்காக எல்லாவற்றையும் செய்ய வேண்டியதில்லை.

அங்கே கோப்பையும் பரிசுப் பணமும் இருப்பதால் விதி எழுத ஆள் இருக்கிறது. செங்கோட்டை குளத்துக் கரையில் நடுவர் யாரும் இல்லை. தண்ணீர் சிலிர்க்கும் இடத்தில் தவளையை வீசுவதா, வேண்டாமா என்பதைத் தூண்டில் வைத்திருப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். அடுத்த மழைக்குக் குளத்தில் விரால் இருக்குமா என்பது அதில்தான் இருக்கிறது.