ஊர்த் தெருவோடு திரும்பிவிடும் தபால்

அரசு என்ற ஒன்று உங்கள் வீட்டு வாசலுக்கு எத்தனை முறை வந்திருக்கிறது? சேரியில் பிறந்தவர்கள் இதற்குப் பதில் சொல்ல அதிக நேரம் யோசிக்க வேண்டியதில்லை. போலீஸ் வந்திருக்கும். தேர்தலுக்கு முந்தைய வாரம் வேட்பாளர் வந்திருப்பார். மழையில் சுவர் இடிந்து யாராவது செத்தபிறகு தாசில்தார் வந்திருப்பார். எதுவும் நடக்காத ஒரு சாதாரண நாளில், பெயர் சொல்லிக் கூப்பிட்டு, உங்களுக்கு உரியதை உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போகவேண்டிய அரசு ஊழியர் ஒரே ஒருவர்தான். தபால்காரர். அவர் ஏன் வருவதில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

"இந்தக் காலத்தில் யாருக்குத் தபால் வருது தோழர், எல்லாம் போன்லயே வந்துடுதே" என்று சென்னை நண்பர் ஒருவர் சிரித்தார். ஆதார் அட்டை போனில் வருவதில்லை. ஏடிஎம் கார்டு, பான் கார்டு, ஓட்டுநர் உரிமம், நீதிமன்ற நோட்டீஸ், வேலைக்கான ஆணை எல்லாம் இன்றும் உறைக்குள்தான் வருகின்றன. பாஸ்போர்ட்டை உரியவர் கையில் மட்டுமே கொடுக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. கையில் பணமும் ஊரில் ஆளும் உள்ளவர்களுக்குத் தபால் பழைய சங்கதியாக இருக்கலாம். அரசிடம் எதையாவது எழுதிக் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறவர்களுக்கு அப்படி இல்லை.

இது ஏதோ என் ஊர்க் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். கன்ஷியாம் ஷா, ஹர்ஷ் மந்தர், சுகதேவ் தோரட் உள்ளிட்ட ஐந்து ஆய்வாளர்கள் 11 மாநிலங்களில் 565 கிராமங்களில் நடத்திய கள ஆய்வு 2006-ல் நூலாக வந்தது. கோயில், கிணறு, டீக்கடை பற்றி அது சொன்னதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். அதே ஆய்வில் இன்னொரு எண் இருக்கிறது: 23.5 விழுக்காடு. தலித்துகளின் வீட்டுக்கே சென்று கடிதம் தராத நிலை அந்த அளவுக்கு இருந்தது. இந்த எண்ணை வைத்து நாடாளுமன்றம் முடங்கியதாகவோ, ஒரு அமைச்சர் விளக்கம் தந்ததாகவோ நான் படித்ததில்லை. தேநீர்க் குவளை இரண்டாக இருந்தால் அது தீண்டாமை என்று நமக்குத் தெரிகிறது. தபால் வராவிட்டால் மட்டும் அது 'சேவைக் குறைபாடு' ஆகிவிடுகிறது.

திண்டிவனத்துக்குப் பக்கத்தில் எங்கள் கிராமம். ஊருக்கும் சேரிக்கும் நடுவே ஏரிக்கரை. நடந்தால் ஏழெட்டு நிமிடம். டெல்லியில் போட்ட கடிதம் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ரயிலிலும் வேனிலும் சைக்கிளிலும் வந்து, இந்த ஏழெட்டு நிமிடத்தின் முன்னால் நின்றுவிடும். ஊர் முனை டீக்கடையில் பால் கணக்கு நோட்டுக்கு அடியில் எங்கள் தெருவின் தபால் மொத்தமும் கிடக்கும். யாராவது கூலிக்குப் போய்த் திரும்பும்போது கடைக்காரர் மனது வைத்தால் எடுத்துக் கொடுப்பார். என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் எனக்கு முன்னால் அந்தக் கடைக்குத் தெரிந்திருந்தது. 2014-ல் எம்.ஃபில் நேர்காணலுக்கான அழைப்பு வந்தபோது, நேர்காணல் முடிந்து மூன்று நாள் ஆகியிருந்தது. உறையின் மேல் முத்திரைத் தேதி சரியாகத்தான் இருந்தது. கிளை அஞ்சலகத்துக்கு உரிய நேரத்தில் வந்திருக்கிறது. அப்பா போய்க் கேட்டார். "கடையில குடுத்துட்டேனே, வந்து வாங்கிக்கிறதுக்கு என்ன?" என்று பதில் வந்தது. அந்தப் பதிலில் கோபம்கூட இல்லை. இயல்பான ஒன்றைத் தெரியாதவனுக்குச் சொல்லித்தரும் பொறுமைதான் இருந்தது. அதற்கு மேல் பேச அப்பாவுக்கு 'சரிங்க ஐயா' தவிர வேறு சொல் கிடையாது, ஏனென்றால் அடுத்த மாதம் பாட்டிக்கு முதியோர் பணம் அதே கையிலிருந்துதான் வரவேண்டும்.

ஒரு கடிதம் போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்பதை நமக்கு முதலில் எழுதிக் காட்டியவர் அண்ணல் அம்பேத்கர். 1901-ல் சிறுவன் பீமராவ், அண்ணனோடும் உறவுப் பிள்ளைகளோடும் அப்பாவைப் பார்க்க ரயிலேறி மசூர் நிலையத்தில் இறங்குகிறார். அழைத்துப்போக ஆள் இல்லை. மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் வண்டிக்காரர்கள் ஏற்ற மறுக்கிறார்கள். இரட்டிப்புக் கூலி கொடுத்து, மாட்டைத் தாங்களே ஓட்டி, குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் இரவெல்லாம் போகிறார்கள். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' படித்த எல்லோருக்கும் அந்தத் தாகம் நினைவிருக்கும். அந்தக் கடிதம் போய்ச் சேர்ந்திருந்தது, வாங்கிய வேலையாள் அப்பாவிடம் கொடுக்காமல் விட்டுவிட்டார் என்ற வரி பலருக்கு நினைவிருக்காது. அது வெறும் கவனக்குறைவாகவே இருக்கட்டும். மற்றவர்களுக்கு அரைநாள் சிரமத்தோடு முடிகிற கவனக்குறைவு, நம் பிள்ளைகளுக்கு உயிர்ப் பிரச்சினையாகிறது.

சரி, தபால்காரர் ஒருவரின் மனக்கோளாறா இது? இல்லை. கிராமத்துக் கிளை அஞ்சலகம் எப்படி உண்டானது என்று பார்க்கவேண்டும். அதன் போஸ்ட் மாஸ்டர் முழுநேர அரசு ஊழியர் அல்லர், முன்பு இ.டி. ஊழியர், இப்போது ஜி.டி.எஸ். வேறு வருமானம் உள்ளவராக இருக்கவேண்டும், அலுவலகத்துக்கான இடத்தை அவரே தரவேண்டும் என்பது நெடுங்கால விதி. நிலமும் ஓட்டு வீடும் திண்ணையும் யாரிடம் இருந்தன? ஆகவே இந்திய அரசின் அலுவலகம் ஊர்த் தெருவில் ஓர் ஆதிக்கச் சாதி வீட்டுத் திண்ணைக்குப் போய்ச் சேர்ந்தது. சிவப்புப் பெட்டி அந்த வீட்டுச் சுவரில் தொங்கியது. எங்கள் ஊரில் பாதி நாள் அதன் முன்னால் டிராக்டர் நிற்கும். கடிதம் போட வேண்டுமென்றால் "வண்டியை எடுங்க" என்று கேட்க வேண்டும். யார் யாரைப் பார்த்து அப்படிக் கேட்க முடியும்?

இப்போது பத்தாம் வகுப்பு மதிப்பெண்படி தேர்வு, இடஒதுக்கீடும் உண்டு. எங்கள் தெருப் பிள்ளைகளும் போஸ்ட் மாஸ்டர் ஆகிறார்கள். ஆனால் இடம் தேடும் பொறுப்பு இன்னும் அவர்கள் தலையில்தான். எனக்குத் தெரிந்த தங்கை ஒருத்தி வேறொரு கிராமத்துக்குத் தேர்வானாள். ஊரில் ஒரு அறைகூட வாடகைக்குக் கிடைக்கவில்லை. சேரியில் வைத்தால் பணம் போட யாரும் வரமாட்டார்கள் என்று நல்லெண்ணத்தோடு எச்சரித்தார்கள். ஆணை கையில் இருக்க, மேசை போட இடம் இல்லாமல் இரண்டு வாரம் அலைந்தாள்.

கடிதம் சுமப்பவர்கள்மேல் பழியைப் போட்டுவிட்டு நான் நகர விரும்பவில்லை. நாளுக்கு நான்கைந்து மணி நேர வேலை என்று கணக்கு, முறையான ஓய்வூதியம் கிடையாது. 2018 மே 22 தொடங்கி 16 நாள் வேலைநிறுத்தம் செய்துதான் ஊதிய உயர்வைக் கேட்டு வாங்கினார்கள். அவர்கள் போராட்டம் நம் போராட்டம். ஆனால் ஊர்த் தெருவில் வீடுவீடாக நடக்கிற கால், ஏரிக்கரையில் மட்டும் வலிப்பதற்குக் குறைந்த ஊதியம் காரணம் ஆகாது.

1924-ல் இரட்டைமலை சீனிவாசன் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானத்தைப் பெருமையோடு சொல்கிறோம். எந்த வகுப்பினரும் பொதுச் சாலையில், தெருவில் நடக்கலாம். பொது அலுவலகம், கிணறு, குளம் ஆகியவற்றுக்குப் போகலாம் என்றது அது. நாம் அவர்களிடம் போகும் உரிமை அது. நூறு ஆண்டுகளாக அந்தத் திசையிலேயே போராடிக்கொண்டிருக்கிறோம், போராடத்தான் வேண்டும். இதே விழுப்புரம் மாவட்டத்தில் மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலுக்குள் நாம் போகக்கூடாது என்பதற்காக எழுந்த மோதலில், 2023 ஜூனில் கோயிலுக்கே சீல் வைத்தார்கள். ஆனால் மறு திசையும் ஒன்று உண்டு. அவர்கள் நம்மிடம் வரவேண்டிய கடமை. அரசு தன் காலால் நடந்து சேரிக்குள் வரவேண்டும் என்ற கடமையை யார் எழுதினார்கள்? அதை மீறியதற்காக யார்மேல் வழக்கு வந்தது?

இப்போது வழக்குப் போடவும் வழி குறைந்துவிட்டது. 1898-ஆம் ஆண்டு அஞ்சல் சட்டத்தில், அஞ்சல் ஊழியர் ஒருவர் கடிதத்தைப் பிரித்தாலோ, நிறுத்தி வைத்தாலோ, வேண்டுமென்றே தாமதப்படுத்தினாலோ இரண்டு ஆண்டுவரை சிறை என்று இருந்தது. வெள்ளைக்காரன் நமக்காக எழுதியதல்ல, இருந்தாலும் புகார் மனுவில் காட்ட ஒரு பிரிவு எண் இருந்தது. 2023-ல் ஜன் விஷ்வாஸ் சட்டம் அந்தக் குற்றப் பிரிவுகளை நீக்கியது. அதே ஆண்டு நிறைவேறி 2024 ஜூன் 18-ல் நடைமுறைக்கு வந்த புதிய அஞ்சல் சட்டம் அவற்றைத் திரும்பச் சேர்க்கவில்லை. காலனியச் சட்டத்தை ஒழித்தோம் என்று கொண்டாடினார்கள். டீக்கடையில் பிரிந்து கிடக்கும் கடிதத்துக்கு மட்டும் கேட்பாரில்லை.

நகரத்துக்கு வந்தால் தப்பிக்கலாம் என்பவர்களுக்காக ஒன்று. ஆய்வுக்காக விழுப்புரத்தில் வாடகைக்கு இருந்தேன். தபால் பெட்டி வீட்டுக்காரரின் கேட்டுக்குள், பூட்டுக்குப் பின்னால். எல்லார் கடிதமும் அவர் கை வழியாகத்தான் மாடிக்கு வரும். ஐந்து மாதம் 'சார்' என்றவர், எனக்கு உதவித்தொகை வழங்கும் அலுவலகத்திலிருந்து ஓர் உறை வந்த அன்று சார் என்பதை நிறுத்தினார். எந்தச் சமூகத்தினருக்கான அலுவலகம் என்பது உறையின் மூலையில் கொட்டை எழுத்தில் அச்சாகியிருந்தது. மகளுக்குத் திருமணம், மாடி வேண்டும் என்றார். அந்த மகள் அப்போது ஒன்பதாம் வகுப்பு. 1978-ல் பன்னிரண்டு தலித்துகளைக் கொன்ற நகரத்தில், சாதியை வாய்விட்டுக் கேட்காமலே தெரிந்துகொள்ளும் நாகரிகம் வளர்ந்திருக்கிறது.

இதைவிடக் கொடுமை இருளர் குடும்பங்களின் நிலை. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் பல ஆண்டுகளாகச் சாதிச் சான்றுக்கும் பட்டாவுக்கும் போராடி வருவதை அறிவோம். பட்டா இல்லை என்றால் கதவு எண் இல்லை, கதவு எண் இல்லை என்றால் முகவரி இல்லை. நான் கள ஆய்வில் பார்த்த செங்கல் சூளைக் குடும்பம் ஒன்றின் விண்ணப்பத்தில், முகவரிக் கட்டத்தில் 'மேற்பார்வை' என்று போட்டுச் சூளை முதலாளியின் பெயர் எழுதியிருந்தது. முன்பணம் கொடுத்து ஆளைக் கட்டிப்போட்டவரே அவர்களுக்கு வரும் கடிதத்தையும் வாங்குகிறார். அதிகாரிகளிடமிருந்து விடுதலைக்கான ஆணையே வந்தாலும் அவர் கைக்குத்தான் முதலில் போகும்.

அரசுகள் சும்மா இல்லை. 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29-ல் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறேன்; முகவரியிலேயே சாதியைச் சுமந்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும். அடுத்த மாதமே ஒன்றிய அஞ்சல் துறை டிஜிபின் என்று பத்து எழுத்துக் குறியீட்டை வெளியிட்டது. நான்குக்கு நான்கு மீட்டர் சதுரமாக நாடு முழுவதையும் பிரித்து அடையாளமிடுகிறதாம். என் அம்மா அடுப்பு வைத்திருக்கும் மூலைக்கும் இப்போது ஒரு குறியீடு இருக்கிறது. செயற்கைக்கோளுக்கு வழி தெரிந்துவிட்டது. தபால் இன்னும் டீக்கடையில் இருக்கிறது.

ஆகவே கேட்கவேண்டியவை எளியவை. கிளை அஞ்சலகம் தனியார் வீட்டில் இயங்கக்கூடாது. ஊராட்சிக் கட்டடத்தில் ஓர் அறையை அரசு தரட்டும். ஒவ்வொரு தபால்காரரும் எந்தெந்தத் தெருவுக்குப் போகவேண்டும் என்ற பட்டியலைக் கிராமத்தில் ஒட்டட்டும். நலத்துறை உறைகளில் துறையின் பெயர் வேண்டாம், திருப்பி அனுப்ப ஓர் அஞ்சல் பெட்டி எண் போதும்.

இதைப் படிக்கும் நண்பர்கள் இந்த வாரமே ஒரு வேலை செய்யலாம். பதிவுத் தபாலை 2025 செப்டம்பரில் விரைவுத் தபாலோடு இணைத்துவிட்டார்கள். ஆக, உங்கள் சேரி வீட்டுக்கு உங்கள் பெயரிலேயே ஒரு விரைவுத் தபால் அனுப்புங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள். 'பட்டுவாடா ஆனது' என்று இணையத்தில் காட்டும் நேரத்தையும், அது உண்மையில் உங்கள் அம்மா கைக்கு வந்த நேரத்தையும், கொடுத்தவர் யார், எங்கே வைத்துக் கொடுத்தார் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். 'கதவு பூட்டியிருந்தது' என்று திரும்பிவந்தால், அன்று வீட்டில் யார் இருந்தார்கள் என்று எழுதிவையுங்கள். பிறகு அந்தத் தெருவுக்கான பட்டுவாடா விவரத்தைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கோட்டக் கண்காணிப்பாளரிடம் கேளுங்கள். பதில் தபாலில்தான் வரும். அது எங்கே வந்து நிற்கிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.